தம்பிக்கு நான் தெளித்த பட்டம்

பாரிசின் லா சப்பலில் நான் மீன் வாங்கும் கடைக்குப் புதிதாக ஒருவர் வேலைக்கு வந்திருக்கிறார். சென்ற மாதம் பாரை மீனை நிறுத்துக்கொண்டே என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் ஒல்லாந்தன்ரை அண்ணையோ?"

"ஓம்."

"முகவெட்டு அப்பிடியே இருக்கு எண்டு முதலாளி சொன்னவர். அவர் ஒல்லாந்திலை இருக்கிறபடியாலைதானே அந்தப் பேர்?"

"இல்லை. நான் வைச்சபடியாலை வந்த பேர்."

அவர் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். மீனை வெட்டிச் சுத்தம் செய்து தந்தார். அவர் என் தம்பியைக் கண்டதில்லை. அவர் பிரான்சுக்கு வருவதற்கு முன்பே தம்பி இந்தத் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஆள் வராவிட்டாலும் பெயர் இங்கேயே தங்கிவிட்டது.

எங்கள் ஊரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதைப் பட்டம் தெளிப்பது என்போம். ஞானஸ்நானத்தில் குரு வைத்த பெயர் கோயில் பதிவில் கிடக்கும். ஊர் தெளித்த பெயர்தான் வாயில் இருக்கும், பிள்ளைகளுக்கும் போகும். சின்ன வயதில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தவருக்குத் தொட்டி என்று பெயர் வந்தது. இன்று கனடாவில் வைத்தியராக இருக்கும் அவருடைய பேத்தியையும் தொட்டியின் பேத்தி என்றுதான் சொல்கிறார்கள். அவள் விழவில்லை. என் தம்பியும் எங்கும் விழவில்லை. நான்தான் அவனைத் தள்ளினேன்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் உதைபந்தாட்டக் கழகம் இருக்கிறது. எங்கள் ஊர்க் கழகம் அல்ல. நெதர்லாந்தின் தெற்கே, ஓர் ஆற்றங்கரைச் சிறு நகரத்தில் உள்ள இரண்டாம் பிரிவுக் கழகம். அதைப் பற்றிச் சொல்லாமல் நான் செய்ததைச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் ஒரு மாதா கோயிலைச் சுற்றிய கத்தோலிக்கப் பங்கு. கோயிலுக்குக் கிழக்கே ஒரு கழகம், மேற்கே ஒரு கழகம். இரண்டு பக்கமும் ஒரே மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டு மைதானத்துக்கு வரும். நாங்கள் கிழக்கு. தம்பி இடது ஓரத்தில் ஓடுவான். எனக்குப் பந்து வராது, வாய் வரும். ஆகவே ஒலிபெருக்கியில் ஆட்டத்தை வர்ணிக்கும் வேலை என்னிடம் வந்தது. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தேன், கல்லூரியில் படிப்பித்தேன். பாரிசுக்கு வந்த பிறகு ஒரு விடுதியின் சலவை அறையிலும், பின்னர் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்திலும் வேலை செய்து ஓய்வு பெற்றேன். எல்லோருக்கும் இன்னும் நான் மாஸ்ரர்தான். எனக்கு ஊர் தெளித்த பட்டம் மரியாதையான பட்டம்.

ஒவ்வொரு கோடையிலும் எங்கள் ஊர் ஆட்கள் பாரிசுக்கு வடக்கே சென் தெனிக்கு அப்பால் ஒரு நகரசபை மைதானத்தை எடுத்துச் சுற்றுப்போட்டி நடத்துவார்கள். இங்கும் கிழக்கு, மேற்கு என்று இரண்டு அணிகள் உண்டு. ஒருவரையொருவர் பிரெஞ்சில் திட்டிக்கொள்ளும் பிள்ளைகள், தாங்கள் கண்டிராத ஒரு கோயிலின் எந்தப் பக்கம் தாங்கள் என்பதை மட்டும் நன்றாக அறிந்திருந்தார்கள். பல வருடங்கள் அங்கே நான்தான் அறிவிப்பாளர்.

தம்பி அகதியாக நெதர்லாந்துக்குப் போனான். அரசாங்கம் அவனை அந்த ஆற்றங்கரை நகரத்தில் குடியேற்றியது. அங்கே வேறு தமிழர் இல்லை. முதல் குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சன்னலால் பார்த்தபோது கூரைகளுக்கு மேலே பெரிய வெளிச்சம் தெரிந்திருக்கிறது. ஏதோ எரிகிறது என்று நினைத்து இறங்கி ஓடியிருக்கிறான். போரிலிருந்து வந்தவன் வேறு எதை நினைப்பான். கிட்டப் போய்ப் பார்த்தால் மைதான விளக்குகள். அந்த நாட்டில் இரண்டாம் பிரிவு ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையில்தான். வாசலில் நின்ற ஒரு கிழவர், குளிரில் நிற்காதே, உள்ளே போ என்று கையைக் காட்டினாராம். போனவன் பிறகு வரவேயில்லை என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு.

பகலில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைகளில் கழகத்துக்குப் போய் முதல்நாள் ஆட்டத்தின் உடுப்புகளைத் தோய்ப்பான், கோல் வலைகளைத் தைப்பான். வலை தைக்க எங்கள் ஊர் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அதற்குச் சம்பளம் இல்லை. அந்த நாட்டில் சிறிய கழகங்கள் இப்படிப்பட்டவர்களால்தான் நடக்கின்றன. வேலை முடிந்ததும் எனக்குத் தொலைபேசி எடுப்பான்.

"அண்ணை, நேற்றுத் தோத்திட்டம்."

"எத்தினையாவது இடத்திலை நிக்கிறியள்?"

"கடைசிக்கு முதல்."

"அப்ப அடுத்த வருசம் இன்னும் கீழை போவியளோ?"

"கீழை விழுத்தமாட்டாங்கள் அண்ணை. இதுக்குக் கீழை எங்களுக்கு ஒண்டும் இல்லை."

உண்மைதான். நெடுங்காலமாக அந்தப் பிரிவில் கடைசியாக வருபவர்களைக் கீழே இறக்கும் வழக்கம் இருக்கவில்லை. இந்தச் செய்தியை நான் லா சப்பல் தேநீர்க் கடைக்குக் கொண்டுபோனேன். விழுவதற்கும் இடமில்லாத கழகம் என்று சொல்லிச் சிரிக்கவைத்தேன். அவன் சொன்ன மற்றதை நான் கொண்டுபோகவில்லை. பருவத்தை அங்கே நான்கு துண்டாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் முதலாவதாக வரும் கழகத்துக்கு, மேலே ஏறுவதற்கான கடைசிப் போட்டிகளில் இடம் கிடைக்கும். முழுப் பட்டியலில் எவ்வளவு கீழே கிடந்தாலும் அடுத்த துண்டு தொடங்கும்போது எல்லோருக்கும் பூச்சியம்தான். "வருசத்திலை நாலு தரம் புதுவருசம் வரும் அண்ணை," என்பான். வாழ்க்கையை அப்படிப் பிரித்துத் தந்தவர்கள் எங்கள் இருவருக்கும் யாருமில்லை. அவனுக்கு ஒரு கழகம் தந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை இப்போது எழுதலாம். பாரிசில் இத்தனை வருடம் இருந்தும், ஒரு கிழவன் கையைக் காட்டி உள்ளே போ என்று சொன்ன இடம் எனக்கு ஒன்றுகூட இல்லை.

அவர்களுக்கும் ஒரு மேற்கு இருந்தது. ஆற்றின் அக்கரையில் இன்னொரு நகரம், இன்னொரு கழகம். இரண்டும் ஒன்றோடொன்று மோதும் நாட்களில், எதிர்ப்பக்க ரசிகர் தனித்தனியாக வர முடியாது. கழகம் ஒழுங்குசெய்த பேருந்தில் ஏறி, முன்னும் பின்னும் பொலிஸ் வர, ஒரு பாலத்தைத் தாண்டி வரவேண்டும். நடந்தே வரக்கூடிய தூரம். ஒரு காலத்தில் இரண்டு கழகங்களும் நொடிந்துபோக, இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று நகரசபைகள் பேசினவாம். அன்றைக்கு மட்டும் இரு கரை ரசிகர்களும் பாலத்தின் நடுவே ஒன்றாக நின்று எதிர்த்தார்களாம், தங்கள் பகையைக் காப்பாற்றுவதற்காக. தம்பி இதைச் சொல்லிவிட்டு, "எங்கடை ஊர் மாதிரித்தான்," என்றான். நான் அதையும் தேநீர்க் கடையில் சொல்லவில்லை.

ஒரு வருடம் அவனுடைய கழகம் ஒரு துண்டை வென்றது. மேலே ஏறும் போட்டிகளில் அக்கரைக் கழகத்தையே சந்திக்க நேர்ந்தது. எங்கள் சுற்றுப்போட்டியை அந்த முறை வழக்கத்தைவிட முன்னதாக வைத்திருந்தோம். இரண்டும் ஒரே வார இறுதியில் வந்தன. கிழக்கு அணியின் மூத்தோர் ஆட்டத்துக்கு அவன்தான் தலைவன். அவன் வரவில்லை. அவனுடைய கழகம் தோற்றது, இங்கே நாங்களும் தோற்றோம். தொலைபேசியில் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் சேர்த்துவைத்தேன்.

அடுத்த வருடம் வந்தான். மனைவியும் பத்து வயது மகளும் கூட வந்திருந்தார்கள். தோளில் கழகத்தின் குளிர்ச்சட்டை, கையில் இரண்டு பெரிய பைகள். பைகளுக்குள் அவனுடைய கழகம் கொடுத்த பழைய பருவத்து உடுப்புகள், எங்கள் சிறுவர் அணிக்காக. சிறுவர் அணிக்கு அப்போது ஒரே நிறத்தில் உடுப்பு இல்லை. எங்கள் கழகச் செயலாளர் என்னிடம் வந்து, மாஸ்ரர், இதை ஒருக்கா மைக்கிலை சொல்லுங்கோ, நன்றி எண்டு சொல்லுங்கோ என்றார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தைப் புரட்டஸ்தாந்தரான ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் கத்தோலிக்கருக்குக் கோயில் இல்லை, பூசை இல்லை. குருமார் வேடம் மாறி வந்து போவார்களாம். எங்கள் மாதா சுருவத்தை மீன்வலையில் சுற்றி, மணலில் புதைத்து, மேலே தோணியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆகையால் எங்களுக்கு ஒல்லாந்தர் என்பது ஒரு நாட்டுக்காரரின் பெயர் மட்டுமல்ல.

நான் ஒலிவாங்கியை எடுத்தேன். என்ன சொன்னேன் என்பது ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! ஒல்லாந்தர் மீண்டும் வந்து இறங்கியிருக்கிறார்கள். அன்று கோட்டை கட்ட வந்தார்கள். இன்று பழைய சட்டை கொடுக்க வந்திருக்கிறார்கள். யாராவது ஓடிப்போய் மாதாவை ஒளித்து வையுங்கள்."

மைதானம் முழுவதும் சிரித்தது. நான் அந்த ஒலிவாங்கியைப் பிடித்த காலத்தில் அவ்வளவு சிரிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. கொத்துரொட்டி போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மேற்குப் பக்கத்து ஆட்கள் விசில் அடித்தார்கள். தம்பி என் மேசைக்கு வந்து, மெதுவாகச் சொன்னான்:

"அண்ணை, மைக்கை நிப்பாட்டுங்கோ."

நான் அதை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டே சொன்னேன்: "இதோ, ஒல்லாந்தர் கட்டளையிடுகிறார்."

முதலாவதை ஏதோ வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவனுடைய மகள் தன் மொழியில் அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு போனான். மனைவியும் பின்னால் போனாள்.

பைகள் என் மேசையடியிலேயே இருந்தன. சிறுவர்கள் அன்றைக்கும் பல நிறச் சட்டைகளோடுதான் விளையாடினார்கள். அந்த உடுப்பை யாரும் தொடவில்லை. தொட்டால் ஒல்லாந்தன் என்று தங்களுக்கும் தெளிப்பார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. பின்னர் கழகத்தின் சாமான் அறையைக் காலி செய்தபோது பைகளைத் தெருவோரத்தில் வைத்தார்கள். நானும் நின்றேன். ஒரு பை திறந்திருந்தது. சட்டைகளின் நெஞ்சில் விளம்பரம் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் துணி வைத்துத் தைத்திருந்தது. அதில் எங்கள் ஊர்க் கழகத்தின் பெயர், தமிழில், கை நூலால். ஒவ்வொரு சட்டையிலும். நான் பையின் வாயை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அதன் பிறகு தம்பி இந்தத் தெருவுக்கு வரவில்லை. சாவு வீடுகளுக்கு மட்டும் தொலைபேசி எடுப்பான், அதுவும் என் மனைவிக்கு. அவளும் பலமுறை சொன்னாள். "நீங்கள் போய்க் கதையுங்கோ. அவர் வரமாட்டார். வரவேண்டியவர் அவர் இல்லை." நான், அவனுக்கு ஒரு பகிடி விளங்காதா என்று கேட்பேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

முந்தின குளிர்காலத்தில் அவள் போய்விட்டாள். தம்பி வந்தான். கோயிலில் கடைசி வரிசை வாங்கில் இருந்தான். கல்லறையில் எல்லோரும் மண் போட்டபோது அவனும் போட்டான். அப்போது எனக்குப் பின்னால் நின்ற யாரோ, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், "அங்கை, ஒல்லாந்தன் வந்து நிக்கிறார்," என்றார். தம்பிக்கும் கேட்டது. சாப்பாடு லா சப்பலில் ஒழுங்குசெய்திருந்தோம். பேருந்தில் ஏறும்போது தேடினேன், அவன் இல்லை. தன் அண்ணிக்கு வைத்த சாப்பாட்டைச் சாப்பிடாமல் போய்விட்டான். என் பக்கத்துக் கதிரையில் வேறு யாரோ இருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெளிவாகியது. பிள்ளைகள் இல்லாத எனக்கு இனி நெருங்கிய சொந்தம் என்று மிஞ்சியிருப்பவன் அவன் ஒருவன்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடாமலே முடிந்துபோவோம், அதற்கு என் வாய்தான் காரணம்.

நான் படித்தவன். ஆகவே பிராயச்சித்தத்தையும் புத்தகத்தில் தேடினேன். நூலகத்துக்குப் போய் அந்தத் தென்பகுதியின் வரலாற்றை எடுத்து வாசித்தேன். பல காலம் முன்பே வாசித்திருக்கவேண்டியது. யாழ்ப்பாணத்தில் எங்கள் கோயில்களைப் பறித்த அதே அரசு, அதற்கு முன்னரே தன் சொந்தத் தென்பகுதிக் கத்தோலிக்கரின் கோயில்களையும் பறித்திருந்தது. அவர்களும் தானியக் கொட்டில்களுக்குள் ஒளித்துப் பூசை வைத்திருக்கிறார்கள். ஒல்லாந்து என்பது அந்த நாட்டின் வடமேற்குப் பகுதியின் பெயர். தெற்கே ஒருவனை ஒல்லாந்தன் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். தம்பியின் கழகத்தையே ஒரு பங்குக் குரு தன் பங்குப் பையன்களுக்காகத் தொடங்கியிருந்தார். அக்கரைக் கழகம் புரட்டஸ்தாந்து சபையாருடையது. ஆரம்பத்தில் இருவரும் ஒரே அமைப்பில் விளையாடக்கூட இல்லை. நான் என் தம்பிக்குத் தெளித்த அந்தப் பெயருக்கு, அவன் போய்ச் சேர்ந்த கழகமே எதிர்ப்பக்கம்.

இதை வைத்துக்கொண்டு, ஒரு வசந்தகால வெள்ளிக்கிழமை, பாரிசின் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினேன். வருகிறேன் என்று சொன்னபோது அவன் மறுக்கவில்லை. "மட்ச் இருக்கு. நேரா அங்கை வாங்கோ," என்றான். அக்கரைக் கழகத்தோடு ஆட்டம்.

அவனுடைய இருக்கை ஆற்றுப் பக்கத்துப் பார்வையாளர் மேடையில். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் கிழவர்கள். தம்பி என்னைக் காட்டி ஏதோ சொன்னான். முன்வரிசைக் கிழவர் திரும்பி என் கையைக் குலுக்கி, "பரெய்ஸ்," என்றார். பாரிசுக்கு அவர்கள் மொழியில் அப்படித்தான் பெயர். அதன் பிறகு அந்த மேடையில் நான் பரெய்ஸ்தான். பந்து வெளியே போனால் பரெய்ஸ், கோப்பி வந்தால் பரெய்ஸ். எதிர்ப்பக்கம் ஒரு கோல் போட்டதும், எல்லாம் என்னால்தான் என்பதுபோல நாலு பேர் திரும்பி, "பரெய்ஸ்!" என்றார்கள்.

"என்னடா, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டாங்களோ?" என்றேன்.

"இப்ப எப்பிடி இருக்கு?" என்றான் தம்பி, மைதானத்தைப் பார்த்தபடி.

இடைவேளையில் எல்லோரும் எழுந்து போனார்கள். நாங்கள் இருந்தோம்.

"தம்பி, நான் ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லுங்கோ."

வாசித்ததை எல்லாம் சொன்னேன். கொட்டில், பூசை, பங்குக் குரு, வடக்கு, தெற்கு. வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

"உது எனக்குத் தெரியும் அண்ணை. இஞ்சை இருக்கிற எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப நான் சொன்னது எவ்வளவு பிழை எண்டு..."

"சரியா இருந்திருந்தா சொல்லியிருக்கலாமோ?"

எதிர்ப்பக்க ரசிகரைக் கம்பி வலைக்குள் விட்டிருந்தார்கள். அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஏதோ கத்தத் தொடங்கினார்கள். தம்பி அந்தப் பக்கம் கையைக் காட்டினான்.

"என்ன கத்திறாங்கள் தெரியுமோ? மெழுகுதிரி நக்கியள் எண்டு. கோயில்லை கிடக்கிற ஆக்களாம் நாங்கள். எத்தினையோ காலமாச் சொல்லுறாங்கள். அங்கை பாருங்கோ எங்கடை கொடியை."

கோலுக்குப் பின்னால் பெரிய கொடி ஒன்றை விரித்திருந்தார்கள். அதில் ஓர் ஆள் உயரத்துக்கு மெழுகுதிரி கீறியிருந்தது.

"இந்தப் பேரை இஞ்சை எல்லாரும் தாங்கினம். உன்னாலை ஏன் ஒல்லாந்தனைத் தாங்கேலாமல் போச்சு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. ஆனால் உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

"அது எதிர்ப்பக்கம் சொல்லுறது. அவன் சொல்லத்தான் வேணும், அதுக்குத்தானே ரிக்கெற் எடுத்து வாறான். மேற்குத் தெருவார் தெளிச்சிருந்தா நானும் சிரிச்சுப்போட்டு ரண்டு கோல் போட்டிருப்பன். நீங்கள் எங்கடை பக்கத்திலை இருந்து சொன்னனீங்கள்."

ஆட்டக்காரர்கள் திரும்ப வந்துகொண்டிருந்தார்கள்.

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தனான்," என்றேன்.

"என்ரை காதுக்குள்ளை வந்து கேட்டு என்ன செய்யிறது? நீங்கள் அதை என்ரை காதுக்குள்ளையோ சொன்னனீங்கள்?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. பிறகு முன்வரிசைக் கிழவர் வந்து இருவருக்கும் கோப்பி தந்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. இரவு அவன் வீட்டில் சாப்பிட்டுப் படுத்தேன். அவனுடைய மனைவி நன்றாகவே கவனித்தாள். ஆனால், அண்ணிக்கு ஆண்டுத் திருப்பலி வைக்கும்போது வருவாயா என்று கேட்டபோது, அவன் தண்ணீர் எடுக்க எழுந்து போய்விட்டான்.

இந்தக் கோடையில் நான் சுற்றுப்போட்டிக்குப் போனேன். முழங்கால் போன பிறகு நான் அறிவிப்பதில்லை. இப்போது அறிவிப்பவர் பாதி பிரெஞ்சில் அறிவிப்பார். இறுதி ஆட்டம் தொடங்க முன் இரண்டு நிமிடம் ஒலிவாங்கியைக் கேட்டேன். மரியாதையோடு தந்தார். ஒரு வசனம் எழுதி மனப்பாடம் செய்து வந்திருந்தேன், அழகான வசனம். கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவில் நின்றபோது அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"நான் ஒல்லாந்தன்ரை அண்ணை கதைக்கிறன்," என்று தொடங்கினேன். எழுதாத ஒன்று வாயில் வந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஐயோ, ஒல்லாந்தன் மோசம் போட்டாரோ?"

"இல்லைப் பிள்ளை, இருக்கிறான். சுகமா இருக்கிறான்."

சிலர் சிரித்தார்கள். அது எனக்கு உதவியது. இந்த ஒலிவாங்கியில் அவனை நான் அப்படிக் கூப்பிட்டேன், அவன் பிள்ளைகளுக்கு உடுப்புக் கொண்டுவந்த நாளில். அந்த உடுப்பு வீதிக்குப் போனது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த உடுப்பில் எங்கள் கழகத்தின் பெயர் தைத்திருந்தது. அவன் எங்களை விட்டுப் போகவில்லை. எனக்குச் சிரிப்பு வேண்டியிருந்தது, அதற்காகச் செய்தேன். இவ்வளவையும் சொன்னேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். அவனுடைய கழகத்தை ஒரு பங்குக் குரு தொடங்கினார் என்று வரலாற்றுக்குள் போய்விட்டேன். நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மாஸ்ரர், பந்து வெயில்லை காயுது," என்று மேற்குப் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

அப்போது அந்தப் பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருந்தவர் எழுந்தார். மேற்கு அணிக்கு ஊரில் பல வருடம் தலைவராக இருந்தவர், என் வயதுக்காரர். வாழ்நாள் முழுவதும் என்னோடு பந்தைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

"கத்தினவன் வாயை மூடு," என்றார் தன் பக்கத்தைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்து, ஒலிவாங்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "மாஸ்ரர், அண்டைக்கு நானும் சிரிச்சனான்."

வயதானவர்கள் சிலர் தலையைக் குனிந்தார்கள். பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. நடுவர் விசில் ஊதினார். கிழக்குத் தோற்றது.

யாரோ தொலைபேசியில் எல்லாவற்றையும் நேரடியாக ஒளிபரப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு தம்பி எடுத்தான்.

"பாத்தனான்."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பங்குக் குரு இல்லை அண்ணை. துணைக் குரு. பங்குக் குருவுக்குப் பந்து பிடிக்காது."

"சரி."

"மைக்கைக் கண்டா உங்களுக்கு இப்பவும் நிப்பாட்டத் தெரியாது."

"தெரியாது."

அவ்வளவுதான். ஆண்டுத் திருப்பலிக்கு எந்த நாள் என்று கேட்டான். சனிக்கிழமை என்றேன். வெள்ளிக்கிழமை என்றால் கஷ்டம் என்றான்.

வந்தான். திருப்பலி முடிந்து லா சப்பலில் ஓர் உணவகத்தின் மேல்மாடியில் சாப்பாடு. எங்கள் சனம் முழுவதும் இருந்தது. படியேறி வரும்போதே ஒருவர், "வாங்கோ ஒல்லாந்தன், எவ்வளவு காலம்," என்று கட்டிப்பிடித்தார். நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். தம்பி, "ஓம், கனகாலம்," என்றான். பெயரை நான் எடுத்துவிட்டதாக நினைத்திருந்தேன். ஊர் தன் வாயில் போட்டுக்கொண்டதை என்னால் எடுக்க முடியாது என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். அவன் கேட்டது அதை அல்ல.

என் பக்கத்தில் இருந்தான். மேற்கு அணியின் பழைய தலைவர் கதிரையை இழுத்துக்கொண்டு எதிரில் வந்து இருந்தார்.

"அதென்னப்பா, கடைசியா வந்தாலும் மேலை ஏறலாமாம்?"

தம்பி சோற்றுக் கோப்பையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, தட்டில் இருந்த நான்கு ரோல்ஸை வரிசையாக வைத்தான். இது பருவத்தின் முதல் துண்டு, இது இரண்டாவது என்று தொடங்கினான். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அடுத்த மேசைக்காரரும் திரும்பினார்கள். ஒரு ரோலை யாரோ எடுத்துக் கடித்துவிட, "மூண்டாம் துண்டைத் திண்டிட்டான்," என்று எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

"அப்ப இந்த முறை ஏறுவியளோ?" என்று கேட்டார் பழைய தலைவர்.

"எங்கை ஏறுறது. பன்னிரண்டாவதா நிக்கிறம். அடுத்த துண்டு துவங்கட்டும், பாப்பம்."

அதற்கு எனக்கு ஒரு பகிடி வந்தது. நல்ல பகிடி, மேசை முழுவதும் சிரித்திருக்கும். சொல்லவில்லை.